சீசன் ஊரிலிருந்து ஒரு பிறந்தநாள் பயணம்

நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து வெளிநாட்டு நகரம் ஒன்றுக்குப் போய், அங்கே ஒருவருடைய பிறந்தநாளைக் கொண்டாடிவிட்டு வருவது இப்போது நடுத்தர வர்க்கத்துக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. 2023 நவம்பரில் தாய்லாந்தும் அடுத்த மாதமே மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்த பிறகு இந்தப் பழக்கம் சிற்றூர்கள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் இலக்கிய வட்டங்களில் சற்று அதிகம். மேலைநாட்டு மோகம், நுகர்வு வெறி, வேரற்ற கொண்டாட்டம் என்று தீர்ப்பு எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீர்ப்பில் ஒரு பாதி எங்களுக்கும் உடன்பாடே. மறுபாதியைக் குறித்துச் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில், பிறந்தநாள் கொண்டாட்டமே நமக்கு அந்நியம் என்ற வாதம் நிற்காது. அரசனின் பிறந்தநாளைத் தொல்காப்பியம் பெருமங்கலம் என்று பேசுகிறது. அன்று அரசன் வெண்ணிற ஆடை அணிவதை ஒட்டி வெள்ளணி என்று ஒரு பெயரும் உண்டு. முதலாம் இராசராசனின் ஐப்பசிச் சதயத்தைத் தஞ்சை இன்றும் விழாவாக எடுக்கிறது. நம்மவர்கள் தேதியைப் பார்க்கவில்லை, நட்சத்திரத்தைப் பார்த்தார்கள், வேறுபாடு அவ்வளவே. அரசர்க்கு இருந்தது குடிகளுக்கு இருந்ததா என்பது வேறு கேள்வி.

பிறந்தநாளுக்காக ஊர் விட்டு ஊர் போவதும் புதிதன்று. திருக்கடையூர் இருக்கிறதே! அறுபது நிறைந்தால் சஷ்டியப்த பூர்த்தி, எழுபதில் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் வேன் பிடித்துக்கொண்டு அந்தக் கோயிலுக்குப் போகிறோம். காலனைக் காலால் உதைத்த இறைவன் சந்நிதியில் ஆயுளுக்கு வேண்டிக்கொள்வதில் பொருள் இருக்கிறது. தமிழ் ஆண்டுகள் அறுபதும் ஒரு சுற்றுச் சுற்றிப் பிறந்த ஆண்டின் பெயரே மீண்டும் வருகிறபோது நின்று திரும்பிப் பார்ப்பது அழகான கற்பனைதான்.

ஆனால் அங்கே நிறைவது யாருடைய அறுபது? கணவருடைய அறுபது. மணைமேல் இருவரும் உட்கார்கிறார்கள், கலச நீர் இருவர் தலையிலும் விழுகிறது, தாலியும் ஒருமுறை கட்டப்படுகிறது. எனினும் கணக்கு அவர் வயதின் கணக்கு. மனைவிக்கு அன்று ஐம்பத்திரண்டோ ஐம்பத்தாறோ. அவளுக்கு அறுபது நிறையும் ஆண்டு எந்தச் சடங்கும் இல்லாமல் வந்து போகும். கணவரை இழந்தவளுக்கும் மணம் செய்துகொள்ளாதவளுக்கும் மணையே கிடையாது. வெளிநாட்டுப் பிறந்தநாளைப் பழிக்கும் கட்டுரைகள் எதிலும் இந்த இடத்தைத் தொட்டுப் பேசியவர்களை நாங்கள் கண்டதில்லை.

எங்கள் வாசகர் வட்டத்தில் பெண்கள் ஐவர். தென்காசியும் சுற்றுவட்டாரமும் எங்கள் ஊர்கள். எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, கணவரை இழந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. 1965 ஆவணியில், விசுவாவசு ஆண்டில் பிறந்தவர். 2025 ஆவணியில் மீண்டும் விசுவாவசு. அவருடைய அறுபதைச் சிங்கப்பூரில் கொண்டாடுவது என்று இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்து, அதற்கென்றே ஒரு சீட்டுப் போட்டோம். செய்தி வெளியானதும் உறவுக்காரர் ஒருவர் வாசலில் நின்றபடியே கேட்டார்: “அறுபது வயசுல சிங்கப்பூரா மதினி? இந்தா இருக்கு குத்தாலம். போய்த் தலைய நனைச்சிட்டு வந்தாப் போதாதா?”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊரின் பெயரே ஒருவகையில் ‘போக வேண்டாம்’ என்று சொல்வதுதான். வடகாசிக்குப் போக முடியாதவர்களுக்காகப் பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே விசுவநாதரை எழுந்தருளச் செய்தான். ஊருக்கும் அந்தப் பெயர் வந்தது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி அருவி. ஆனி, ஆடி, ஆவணியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று தென்மேற்குப் பருவமழையின் சிதறலைக் கொண்டுவந்து முகத்தில் தெளிக்கிறது. இதை விட்டுவிட்டு விமானம் ஏறுவானேன்?

இதற்கு விடை சொல்ல வேண்டுமானால் சீசன் ஊர் ஒன்றில் குடியிருப்பது என்றால் என்ன என்பதை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். சாரல் தொடங்கிவிட்டது என்று தொலைக்காட்சியில் காட்டிய மறுநாள் எங்கள் வீடுகளுக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கும். சென்னையிலிருந்து சித்தி குடும்பம், மதுரையிலிருந்து அத்தான் அலுவலகத்து நண்பர்கள், கோவில்பட்டியிலிருந்து சம்பந்தி வீட்டார். பொதிகை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குவார்கள். ‘சும்மா குளிச்சிட்டுப் போயிருவோம், ஒண்ணும் செய்யாதீங்க’ என்பார்கள். அருவியில் குளித்தவர்களுக்குப் பசிக்கிற பசி இருக்கிறதே, அது தனிப் பசி. ஐந்தருவியிலிருந்து நடுங்கிக்கொண்டு வருபவர்களுக்கு மிளகு ரசம் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும். ஈரத் துண்டுகள் வீடெல்லாம் தொங்கும். சாரலில் எதுவும் காயாது. மாலையில் அவர்கள் மங்குஸ்தானும் ரம்புத்தானும் வாங்கிக்கொண்டு வருவதற்குள் மறுநாளைய மாவை ஆட்டி முடித்திருக்க வேண்டும். சீசன் முழுக்க அருவிப் பக்கமே போகாமல் ஆவணி கழிந்த ஆண்டுகள் எங்கள் ஐவருக்கும் உண்டு. தமிழ்நாடு முழுவதும் ஓய்வெடுக்க வருகிற ஊரில் ஓய்வெடுக்க இடமில்லாதவர்கள் அந்த ஊர்ப் பெண்கள்தாம். அதுவும் நண்பரின் பிறந்த மாதம் ஆவணி!

குற்றாலத்துக்கு நண்பர்கள் கூடுவது என்றதும் இலக்கிய வாசகர்களுக்கு நினைவு வருபவர் ரசிகமணி டி.கே.சி. அவர் பிறந்தது 1882 ஆகஸ்ட் 17. ஏறத்தாழ ஆவணி பிறக்கிற நாள். திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் வட்டத்தொட்டி நடத்திக் கம்பனை வாய்விட்டுச் சுவைக்கக் கற்றுக்கொடுத்தவர், பின்னர் குற்றாலத்தில் குடியேறி 1954 பிப்ரவரியில் அங்கேயே மறைந்தார். ராஜாஜியும் கல்கியும் அங்கே வந்து தங்கினார்கள். கி. ராஜநாராயணன் போன்ற இளைஞர்களும் அவரைத் தேடிப் போனார்கள். கவிதை, அருவி, விருந்து மூன்றும் ஒன்றாகவே அங்கே பரிமாறப்பட்டன. உறவு முறையையோ சாதிச் சடங்கையோ சாராமல், நட்பு ஒன்றையே காரணமாகக் கொண்டு பல ஊர்க்காரர்கள் ஓர் ஊரில் கூடி நாள் கணக்கில் மகிழ்ந்திருக்கலாம் என்று தமிழ்நாட்டுக்கு அவர் காட்டிவிட்டுப் போனார். பிறகு கலாப்ரியா முன்னின்று நடத்திய குற்றாலம் கவிதைப் பட்டறைகளும் அதே அருவிக்கரையில் கூடியவைதாம். நட்புக்கென்று நம் சமூகத்தில் சடங்கு கிடையாது. கல்யாணத்தில் தாய்மாமனுக்கு மரியாதை உண்டு, சம்பந்திக்கு உண்டு, பங்காளிக்கு உண்டு. உயிர் நண்பன் பந்தியில் கடைசியாகச் சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டுப் போவான். அந்தக் குறையைத் தீர்க்க நம் மொழியில் நடந்த முயற்சிகளில் குற்றாலத்துக் கூடுகைகளுக்கு முதலிடம் தருவோம்.

ஆனால் அந்த விருந்துகளைப் பற்றி எழுதியவர்கள் இலையில் என்ன விழுந்தது என்று எழுதினார்கள். அடுக்களையில் யார் நின்றார்கள் என்று நாங்கள் படித்தது மிகக் குறைவு. இது ரசிகமணி மீது குற்றமன்று, அந்தக் காலத்தின் எழுத்துமுறை அப்படி. அருவிக்கரை இலக்கியம் நெடுகிலும் பெண் வசந்தவல்லியாகப் பந்தாடுவாள், குறத்தியாக மலைவளம் பாடுவாள். அரிசி களைபவளாக அவள் வந்ததாக எங்களுக்கு நினைவில்லை.

ஆகவே ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. உள்நாட்டில் எங்கே போனாலும் ஏதோ ஓர் உறவினர் வீடு இருக்கும், அங்கே தங்கவில்லை என்றால் வருத்தம் வரும், தங்கினால் அடுக்களைக்குள் ஒரு கை கொடுக்க வேண்டிவரும். கடல் தாண்டினால்தான் அந்தச் சங்கிலி அறுகிறது. இதுவே எங்கள் கட்சி. சற்று மிகையாகத் தோன்றினால் வாசகிகளைக் கேட்டுப் பாருங்கள்.

பாஸ்போர்ட் எடுத்தபோது ஒரு வேடிக்கை. நண்பரின் அம்மா சொல்லிவைத்தது ஆவணி மூலம். பள்ளிச் சான்றிதழில் இருப்பது ஜூன் 1. அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியை அருளியவர் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்தானே. ஜூனில் சேர்க்கும்போது ஐந்து நிறைந்திருக்க வேண்டும், அவ்வளவே கணக்கு. அரசாங்கத்தின் கண்ணில் அவர் இரண்டரை மாதம் மூத்தவர். நாங்கள் அம்மாவின் கணக்கையே எடுத்துக்கொண்டோம்.

திருவனந்தபுரத்தில் விமானம் ஏறுவதாக ஏற்பாடு. சாரல் நுழைகிற அதே ஆரியங்காவுக் கணவாய் வழியாக, சாரலுக்கு எதிர்த் திசையில் நாங்கள் வெளியே போனோம். சிங்கப்பூரில் நான்கு நாள். அந்த நகரத்தை வருணிக்கப் போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிறந்தநாளன்று நண்பர் காலை எட்டரை மணி வரை தூங்கினார். நினைவு தெரிந்து இப்படித் தூங்கியதில்லை என்றார். கேக் வெட்டவில்லை. உணவங்காடி நிலையம் ஒன்றில் யாரோ சமைத்த சோற்றை உட்கார்ந்து சாப்பிட்டு, தட்டைக் கொண்டுபோய் வைத்ததோடு வேலை முடிந்தது. கழுவ வேண்டியதில்லை!

பிற்பகலில் தஞ்சோங் பகாருக்குப் போனோம். எங்களில் ஒருவருக்குச் சொந்த ஊர் கடையநல்லூர், அவர் பாட்டி வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். தறி நெசவு நொடித்த காலங்களில் தென்காசியிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் கிளம்பிய முஸ்லிம் குடும்பங்கள் பல, துறைமுகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் குடியேறின. ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்புகிற வழக்கத்திலிருந்து விலகி, மனைவி மக்களோடு பெயர்ந்தவர்கள் அவர்கள். அந்தச் சமூகத்தார் 1946இல் தொடங்கிய பள்ளிக்கு உமறுப் புலவர் பெயரை வைத்தார்கள். சீறாப்புராணம் பாடிய எட்டயபுரத்துப் புலவர். அப்பள்ளி 1982இல் மூடப்பட்டுவிட்டது. இன்று தமிழ் மொழி நிலையம் ஒன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. தஞ்சோங் பகாரில் இப்போது வானுயர்ந்த கட்டடங்கள். பாட்டியின் தெரு எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நடைபாதைப் படியொன்றில் உட்கார்ந்து அவர் பாட்டியைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னார், மற்ற நால்வரும் கேட்டோம். ஊரில் முப்பது ஆண்டுப் பழக்கத்தில் இந்தக் கதையை அவர் சொன்னதில்லை. ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார எங்களுக்கு வாய்த்ததில்லை என்பதுதான் காரணம்.

முகம் சுளிப்பவர்களின் பாதித் தீர்ப்பை ஏற்கிறோம் என்று தொடக்கத்தில் சொன்னோம். கடன் அட்டையில் தேய்த்துவிட்டு இரண்டு ஆண்டுத் தவணை கட்டும் இளைஞர்களை எங்களுக்கும் தெரியும். படம் எடுப்பதற்காகவே ஊர் ஊராக ஓடி, எடுத்த படத்தில் சிரித்துவிட்டு, படம் முடிந்ததும் தனித்தனிக் கைப்பேசிக்குள் புகுந்துகொள்ளும் கூட்டங்களை அங்கேயும் கண்டோம். நான்கு நாளில் ஆறு நகரம் காட்டும் சுற்றுலாத் திட்டங்கள் நட்புக்கு எதிரானவை என்பது எங்கள் துணிபு. ஓர் ஊர், அதில் ஒரு பேட்டை, உட்கார ஒரு படி, இவ்வளவு போதும். மற்றபடி, வீதியை மறித்து நள்ளிரவில் பட்டாக்கத்தியால் கேக் வெட்டும் உள்ளூர்க் கொண்டாட்டங்களோடு ஒப்பிட்டால் வெளிநாட்டுப் பயணம் எவ்வளவோ சாதுவானது. 2018 பிப்ரவரியில் சென்னை அருகே ரவுடி ஒருவரின் பிறந்தநாள் விழாவைப் போலீஸ் சுற்றி வளைத்து எழுபது பேருக்கு மேல் கைது செய்ததே, அதற்கு எந்த மேலைநாட்டு மோகம் காரணம்?

செலவு வீண் என்பவர்களுக்கு ஒன்று. அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபமும் பந்தியும் பட்டும் என்று ஆகிற தொகையை யாரும் வீண் என்று சொல்லக் கேட்டதில்லை. இந்தப் பயணத்துக்கு ஆளுக்கு ஆன தொகை அதில் ஒரு சிறு பங்கு. அதையும் மாதா மாதம் சீட்டுக் கட்டிச் சேர்த்தோம்.

திரும்பி வந்தபோது சாரல் இன்னும் ஓயவில்லை. சீட்டு மறுபடி தொடங்கியாயிற்று. அடுத்தவர் 1967இல், பிலவங்க ஆண்டில் பிறந்தவர், 2027இல் அறுபது. பினாங்கு போக வேண்டும் என்கிறார். அவருக்கும் சான்றிதழில் ஜூன் 1தான். உண்மையான நாளைச் சொல்ல வீட்டில் யாரும் இல்லாததால் அந்தத் தேதியையே வைத்துக்கொண்டோம். சீசன் தொடங்குகிற நேரம் அது. அந்த வாரம் விருந்தாளிகளை அழைக்க வேண்டாம் என்று அவர் மகனிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.