இல்லாத சொல்லுக்கு எழுதப்படும் விடை

கார் நிக்கோபாரில் மொழிக் களப்பணிக்காகத் தங்கியிருக்கிறேன். முதுநிலை நீட் தேர்வுக்குப் படிக்கும் இளம் மருத்துவர் ஒருவர் சில மாலைகளில் தம் கைப்பேசியிலுள்ள வினாத் தொகுப்பை என்னிடம் காட்டுவார். மருத்துவம் நான் அறியாதது. அவர் கேட்பதும் மருத்துவமன்று. "இந்த வாக்கியம் எதைக் கேட்கிறது?" என்பதே அவருடைய கேள்வி. பல வினாக்களில் அதற்கு விடை இல்லை. வாக்கியம் பாதிதான் இருக்கிறது.

காரணம் எளியது. இத்தேர்வை நடத்தும் தேசிய வாரியம் வினாத்தாளை வெளியிடுவதில்லை. வினாக்களை வெளியிடமாட்டேன் என்று தேர்வரும் உறுதியளிக்க வேண்டும். ஆகவே 210 நிமிடத்தில் 200 வினாக்களைக் கடந்து களைத்து வெளிவந்தவர்களின் நினைவே அடுத்த ஆண்டு மாணவரின் பாடநூலாகிறது. 'ரீகால்' என்று அதற்குப் பெயர். 2025இல் விடைக்குறிப்பை வெளியிட வாரியம் முன்வந்தபோதும், வினாவின் அடையாள எண்ணையும் விடையையும் தருவதாகவே அறிவித்தது. வினாவின் வாசகத்தை அன்று.

நினைவு எதை வைத்துக்கொள்ளும், எதை உதிர்க்கும் என்பது மொழியியலாருக்குப் பழகிய கேள்வி. கேட்டதன் சாரம் தங்கிவிடுகிறது, சொற்களின் வடிவம் சில நொடிகளிலேயே மங்கிவிடுகிறது என்பதை 1967இல் ஜாக்குலின் சாக்ஸ் சோதனையில் காட்டினார். தேர்வு முடிந்து வருபவருக்கு நோயின் பெயர் நினைவிருக்கும், படம் நினைவிருக்கும், நான்கு தெரிவுகளில் மூன்றேனும் நினைவிருக்கும். உதிர்வது 'தவிர', 'முதலில்', 'மிகப் பொதுவான', 'அடுத்து' போன்ற சிறு சொற்களே. விடையோ அச்சொற்களில்தான் தொங்குகிறது.

எல்லாச் சிதைவும் ஒரே வகையன்று என்பதுதான் நான் சொல்ல வந்தது. தொகுப்பில் கண்ட ஒன்று: "கருவுற்ற பெண்ணின் உயர் இரத்த அழுத்தம், மருந்து?" தெரிவுகள் லேபெட்டலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின், எனலாப்ரில். முதல் மூன்றும் தரப்படுபவை. எனலாப்ரில் கருவுக்குத் தீங்கானது என்பதால் விலக்கப்படுவது. எனவே மூல வினாவில் 'தவிர' அல்லது 'தரக்கூடாதது' இருந்திருக்க வேண்டும். தெரிவுகளே விட்டுப்போன சொல்லுக்குச் சாட்சி சொல்கின்றன.

இன்னொன்று: "டென்ஷன் நியூமோதோராக்ஸ், சிகிச்சை?" மார்புக்கூட்டில் காற்று அடைபட்டு நுரையீரலையும் இதயத்தையும் நெருக்கும் அவசர நிலை அது. தெரிவுகளில் ஊசியால் காற்றை வெளியேற்றுவதும் உண்டு, மார்புக் குழாய் பொருத்துவதும் உண்டு. 'உடனடியாக' என்று கேட்டிருந்தால் ஊசி. 'நிலையான தீர்வு' என்றிருந்தால் குழாய். இங்கே தெரிவுகள் வாய் திறப்பதில்லை. தொகுப்பின் அடியிலோ 'குழாய்' என ஒரே விடை தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. யார் முடிவு செய்தார்கள்?

உ.வே.சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை கிடைக்கவில்லை. அந்த எண்கள் வெறுமையாகவே நிற்கின்றன. சிதைந்த அடிகள் புள்ளிகளாகவே அச்சேறியுள்ளன. யாப்பறிந்த புலவருக்கு ஓர் அடியை இட்டு நிரப்புவது பெரிய வேலையன்று. நிரப்பியிருந்தால் எது சங்கப் புலவருடையது, எது பதிப்பாசிரியருடையது என்று நாம் அறிந்திருக்க மாட்டோம். பயிற்சி நிறுவனங்களின் தொகுப்புகள் செய்வது இந்த நிரப்பலைத்தான், அதுவும் அடையாளமின்றி.

"ஆயிரக்கணக்கான வினாக்கள்; ஒவ்வொன்றுக்கும் பாடபேதம் பார்க்க நேரமேது?" என்று மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்வி. பார்க்க வேண்டியதில்லை என்பதே என் எண்ணம். மீட்க முடியாத வினாவை வினாவாக நடத்தாமல், இந்தத் தலைப்பில் கேட்கிறார்கள் என்ற செய்தியாக மட்டும் எடுத்துக்கொண்டு பாடநூலுக்குத் திரும்பலாம். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழியும் தேர்வில், யாரோ ஊகித்த விடையை மனப்பாடம் செய்வது அறியாமையைவிடச் செலவு மிக்கது. அறியாதவர் அந்த வினாவை விட்டுவிடுவார்; தவறாக அறிந்தவர் தயங்காமல் குறிப்பார்.

மாணவர் தலையில் மட்டும் இதைக் கட்டுவது முறையன்று. இளநிலை நீட் வினாத்தாள் பொதுவெளியில் இருக்கிறது. அதனால்தான் 2024இல் அணுவைப் பற்றிய ஒரே ஓர் இயற்பியல் வினா உச்ச நீதிமன்றம் வரை சென்றது, டெல்லி ஐஐடியின் மூன்று வல்லுநர்கள் சரியான விடை ஒன்றே என்று கருத்துரைத்தனர், தரவரிசை திருத்தப்பட்டது. பழைய பாடநூற்பதிப்பு ஒன்றின் வாசகத்திலிருந்து எழுந்த சிக்கல் அது. வாசகம் கையில் இருந்ததால் வழக்காடவேனும் முடிந்தது. முதுநிலைத் தேர்வரிடம் இருப்பது ஓர் எண். அதைக் கொண்டு எதை வாதிடுவது? வினாவங்கி தீர்ந்துவிடும் என்ற வாரியத்தின் அச்சம் புரிகிறது. ஆனால் வினாக்கள் ஏற்கெனவே வெளியேதான் இருக்கின்றன, ஊனத்தோடு.

நேற்று மருத்துவர் தம் குறிப்பேட்டைக் காட்டினார். நியூமோதோராக்ஸ் வினாவுக்கு எதிரே ஊசி, குழாய் இரண்டையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சொல் இருந்திருக்க வேண்டும் என்று அருகில் குறித்திருந்தார். வினாவில் சொல் விடுபட்ட இடத்தில் மூன்று புள்ளிகள் வைத்திருந்தார்.