இயக்க ஆளில்லாத கருவிகள்

கோடிக்கணக்கில் விலையுள்ள கன்ஃபோக்கல் நுண்ணோக்கி ஒன்று பல்கலைக்கழகத்துக்கு வந்து இறங்கினால் விழா நடக்கும், ரிப்பன் வெட்டுவார்கள், மறுநாள் நாளிதழில் படம் வரும். ஆறாம் ஆண்டில் அதன் லேசர் மங்கும்போது ஒரு கோப்புதான் நகரும். மானியக் காலம் முடிந்துவிட்டதே, பழுதுபார்க்கும் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று நிதிப் பிரிவு கேட்கும். பதில் வரும்வரை கருவி உறைபோட்டுக் கிடக்கும்.

மருத்துவ உயிரியல் ஆய்வுக்கான பொதுக் கருவிகளுக்கு அரசு பணமே தருவதில்லை என்று குறை சொல்ல முடியாது. இன்று சென்னை ஐஐடி உட்படப் பல இடங்களில் இயங்கும் ‘சைஃப்’ என்ற பொதுக் கருவி மையங்களின் வேர் 1970களில் இருக்கிறது. 2000-இல் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ‘ஃபிஸ்ட்’ திட்டம் வந்தது. எந்தக் கருவி எங்கே இருக்கிறது என்று பார்த்து முன்பதிவு செய்ய 2020 ஜனவரியில் ‘ஐ-ஸ்டெம்’ இணையதளம் தொடங்கப்பட்டது. பிறகு ‘ஸ்ரீமன்’ என்ற வழிகாட்டு நெறிகளும் வந்தன. பராமரிப்பு என்ற சொல் அந்நெறிகளின் முழு ஆங்கிலப் பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் ஆனை வாங்கப் பணம் இருக்கிறது, அங்குசம் வாங்கத்தான் இல்லை என்ற நிலை மாறவில்லை.

ஃபிஸ்ட் மானியத்தின் காலம் ஐந்தாண்டு. நல்ல கருவி பத்தாண்டுக்கு மேல் உழைக்கும். பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு ஆண்டுதோறும் விலையில் 5 முதல் 10 விழுக்காடு வரை ஆகலாம். மூன்று கோடி ரூபாய்க் கருவி என்றால் 15 முதல் 30 லட்சம். ஓய்வூதியம் கொடுக்கவே திணறும் மாநிலப் பல்கலைக்கழகங்கள் இதற்கு எங்கே போகும்?

பணத்தைவிடப் பெரிய பள்ளம் ஆள் இல்லாதது. ஃப்ளோ சைட்டோமீட்டரைக் காலையில் அளவுத்துகள்களை ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். மாலையில் குழாய்களைக் கழுவாமல் போனால் செல் கசடு உள்ளே ஒட்டி அடைத்துக்கொள்ளும். நுண்ணோக்கியின் லென்ஸில் எண்ணெயைத் துடைக்காமல் ஒரு மாணவர் போய்விட்டால் அடுத்தவருக்குப் படம் கலங்கும். என்எம்ஆர் கருவியை யாரும் தொடாவிட்டாலும் அதன் காந்தத்துக்குத் திரவ ஹீலியம் ஊற்றியே ஆக வேண்டும். இத்தனையும் அறிந்த தொழில்நுட்பரைத் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்காண்டு நீட்டிக்கும் ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறோம். கை பழகியதும் அவர் தனியார் நிறுவனத்துக்குப் போனால் அவரைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் 1982 முதல் பகிர்வுக் கருவி மானியம் தருகிறது. அதன் நிதியில் ஆய்வு நடத்தும் குறைந்தது மூன்று பேர் சேர்ந்து கேட்டால்தான் விண்ணப்பமே செல்லும். தொழில்நுட்பர் ஊதியத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அம்மானியம் ஏற்பதில்லை. அவற்றைத் தாங்குவோம் என்று விண்ணப்பிக்கும் நிறுவனம் எழுதித் தர வேண்டும். அந்த உறுதியும் மதிப்பீட்டில் எடைபோடப்படும். இதை அப்படியே இங்கே நகலெடுக்க முடியாது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் ஆய்வு மானியங்களோடு வரும் மறைமுகச் செலவுத் தொகையைக் கொண்டு ஓரளவு சமாளிக்கின்றன. அதை 15 விழுக்காடாக வெட்டப்போவதாக 2025 பிப்ரவரியில் தேசிய சுகாதார நிறுவனம் அறிவித்ததும் அவை நீதிமன்றம்வரை போயின. நம் கல்லூரிகளுக்கு அந்தப் பை கிடையாது. எனவே மானியம் தருபவரே முழுச் செலவையும் ஏற்பதுதான் நியாயம்.

ஐ-ஸ்டெம் இருக்கிறதே, தூரத்தில் உள்ள கருவியைப் பயன்படுத்தலாமே என்பார்கள். வேதியியலாருக்கு அது சரி. நாகர்கோவிலிலிருந்து ஒரு பொடியைக் கூரியரில் சென்னைக்கு அனுப்பினால் எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன் முடிவு வந்துவிடும். நோயாளியிடம் எடுத்த ரத்த அணுக்கள் அப்படிக் காத்திருக்காது. உயிருள்ள செல்லின் செயலைப் பார்க்கும் சோதனைகள் பலவற்றைச் சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும். நோயாளி இருக்கும் ஊருக்கு அருகிலேயே கருவி இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 ஜனவரியில் மட்டும் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அண்டையிலுள்ள பல்கலைக்கழகத்தையும் இரண்டு மூன்று மருத்துவக் கல்லூரிகளையும் இணைத்து வட்டாரத்துக்கு ஒரு கருவி மையம் அமைக்கலாம்.

இனி வரும் ஒவ்வோர் ஒப்புதல் ஆணையிலும் கருவியின் விலையோடு பத்தாண்டுப் பராமரிப்புத் தொகையும், காலமுறை ஊதியத்தில் ஒரு தொழில்நுட்பர் பணியிடமும் சேர்ந்தே வர வேண்டும். அப்படியானால் பத்துக்குப் பதில் ஆறோ ஏழோதான் வாங்க முடியும் என்று நிதியமைச்சகம் கணக்குச் சொல்லும். வாங்கட்டும், அவையாவது ஓடும். வெளியார் எத்தனை மணி நேரம் பயன்படுத்தினார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடாத துறைக்கு அடுத்த மானியம் கூடாது; பொதுப் பணத்தில் வாங்கிய கருவியைப் பேராசிரியரின் அறைக்குள் பூட்டிவைக்கும் வழக்கம் அப்போதுதான் ஒழியும். வெளியார் செலுத்தும் கட்டணமும் பல்கலைக்கழகத்தின் பொது நிதியில் கரையாமல், மையத்தின் பெயரில் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். லேசர் மாற்ற அந்தக் கணக்கிலிருந்து செலவிடும் அதிகாரத்தை மையப் பொறுப்பாளருக்கே கொடுக்க வேண்டும்.