தகுதி எங்கே தயாராகிறது?

எனக்குத் தெரிந்த ஒரு தங்கை. சேரியிலிருந்து படித்து வந்த முதல் தலைமுறை. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் சேர்ந்தாள். கேனுலா போடத் தெரியுமா என்று இன்சார்ஜ் சிஸ்டர் கேட்கவில்லை. "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். சொன்னாள். "ஊருக்குள்ளயா, காலனியா?" அதையும் சொன்னாள். அன்று இரவே டியூட்டி பிரித்தாகிவிட்டது.

அவளோடு சேர்ந்த மூன்று பேருக்கும் நெஞ்சுவலி, விபத்து கேஸ் வருகிற கட்டில்கள். இவளுக்குப் பூச்சிமருந்து குடித்தவரின் வாந்தி, புழு வைத்த புண், பேதியில் கிடக்கும் பெரியவர், கேட்க ஆளில்லாத பிணம். "நீதாம்மா முகம் சுளிக்காம செய்யுற" என்று பாராட்டு வேறு!

நான்கு மாதம் இப்படியே ஓடியது. மற்ற மூவரும் இ.சி.ஜி. எடுக்கவும், மூச்சுக்குழாய் போடும்போது டாக்டருக்குக் கைகொடுக்கவும், அவசர மருந்து டிராலியைக் கையாளவும் கற்றுவிட்டார்கள். ஒரு நாள் ஆள் பற்றாக்குறை. இதயம் நின்றுபோன ஒருவரைக் கொண்டுவந்தார்கள். அன்றுதான் இவளைக் கூப்பிட்டார்கள். மருந்து எடுக்கத் தடுமாறினாள். மறுநாள் ஓய்வறையில் பேச்சு: "கோட்டாவுல வந்தா இப்படித்தான்."

நான் கோபப்படுவது இந்த இடத்தில்தான். கற்க வேண்டிய நான்கு மாதத்தைத் திருடிக்கொண்டு, பிறகு தகுதி இல்லை என்கிறார்கள். தகுதி, திறமை என்று ஓயாமல் பேசுகிறவர்களே, உங்கள் தகுதி டியூட்டி லிஸ்டில் தயாராகிறது!

மலம் துடைப்பது இழிவு என்று நான் சொல்லவில்லை. நோயாளியைச் சுத்தமாக வைத்திருப்பது நர்சிங்கின் அடிப்படை. ஆனால் அதை எப்போதும் ஒரே ஆள் செய்வது ஏன்? "புதுசா வந்தவங்க எல்லாரும் இதைச் செஞ்சுதான் வந்தோம்" என்பார்கள். சரி, அப்படியானால் நான்கு பேரையும் முறை வைத்து மாற்றுங்கள். எழுதி ஒட்டுங்கள். அதைச் செய்ய ஏன் தயக்கம்? சாதி என்பது வேலையை மட்டும் பிரிப்பதில்லை, வேலை செய்கிற மனிதர்களையே மேல் கீழாகப் பிரிக்கிறது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே விளக்கினார். வெள்ளைச் சீருடை போட்டதால் அது மாறிவிடவில்லை.

அவசரப் பிரிவில் ட்ரையாஜ் என்று ஒரு முறை உண்டு. வருகிறவரின் உடல்நிலையைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. அங்கே ஊர் எது, தெரு எது என்று கேட்பதில்லை. நோயாளிக்கு இருக்கிற இந்த நியாயம், அவரைக் காப்பாற்ற நிற்கிற நர்சுக்கு ஏன் இல்லை?

பொது இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. டியூட்டி லிஸ்ட் யாரையும் திட்டுவதில்லை. அதனால்தான் இது இவ்வளவு பாதுகாப்பாக நடக்கிறது. எதிர்த்துக் கேட்கலாம் என்றால், அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பீரோவில். கல்விக் கடன் தலைமேல்.

நர்சிங் படிக்கிற தங்கைகளே, தம்பிகளே! சேர்ந்த முதல் நாளிலிருந்து ஒரு நோட்டு வையுங்கள். தேதி, ஷிப்ட், எந்தக் கட்டில், என்ன வேலை, யாருக்கு எது கற்றுத்தரப்பட்டது என்று எழுதுங்கள். ஒரு மாதம் போதும், முறை தெரிந்துவிடும். வாய்ச்சொல்லை மறுத்துவிடுவார்கள், முப்பது நாள் கணக்கை மறுப்பது கடினம். தனியாகப் போய்க் கேட்காதீர்கள். உடன் சேர்ந்தவர்களையும் கூட்டிக்கொண்டு, சுழற்சி முறையை எழுத்தில் கேளுங்கள். மாணவர் அமைப்புகளில் இருக்கும் தோழர்களே, இட ஒதுக்கீடு கல்லூரி வாசலோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். வேலையிடத்தின் உள்ளேயும் வாருங்கள்.

அந்தத் தங்கை இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நோட்டு தொடங்கிவிட்டாள்.

ஜெய் பீம்!