ஒரு பந்தியில் முடிந்துபோன வன்னி

சென்ற இதழில் நண்பர் ஒருவர் தாம் அண்மையில் வாசித்த நாவல்களைப் பற்றி எழுதியிருந்தார். சரித்திரம், துப்பறிதல், மாயப்புனைவு, குடும்பக் கதை என்று வகைவகையாக வாசித்திருக்கிறார். ஒவ்வொன்றையும் நின்று நிதானித்து எடைபோட்டிருக்கிறார். துப்பறியும் நாவலில் முதல் துப்பு எந்த இடத்தில் வாசகன் கையில் சிக்க வேண்டும் என்பதைக்கூட விட்டுவைக்கவில்லை. கடைசியாக, இலங்கையின் வடக்கே போர் நடந்த வன்னியைப் பற்றிய நாவல்களுக்கு வருகிறார். ஆங்கிலத்தில் வந்த ஒரு நாவலை மட்டும் தனியே எடுத்துப் புகழ்ந்துவிட்டு, மிச்சம் எல்லாவற்றையும் ஒரே பந்தியில் முடித்துவிடுகிறார். ஒன்றை வாசித்தால் எல்லாவற்றையும் வாசித்த மாதிரியாம். அதே பங்கர், அதே செல், அதே ஓட்டமாம். இவை சாட்சியங்கள் என்பதால் மதிக்க வேண்டுமாம், ஆனால் நாவல் என்று கொள்ள முடியாதாம். போருக்கு முன்னர் வன்னிக்கென்று சொல்லத்தக்க நாவல் எதுவும் இல்லையாம். இனியாவது வன்னிக்காரர் வேறு எதையாவது எழுதட்டுமாம்.

அந்தப் பந்தியில் சரியான வசனம் ஒன்றுகூட இல்லை. கிளிநொச்சியில் இருந்து இந்த நூல்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வாசித்தவன் என்ற வகையில் இதற்கு மறுப்பு எழுதாமல் விடுவது எனக்குக் குற்றமாகப் படுகிறது.

முதலில், கொஞ்சம் தேடியிருந்தாலே தவிர்த்திருக்கக்கூடிய பிழை. அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்தது. சாகித்திய மண்டலப் பரிசும் பெற்றது. முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பில் நடக்கும் கதை. காட்டோடு வளர்ந்த பதஞ்சலி, அவளைக் கைப்பிடிக்கும் கதிராமன், வெளியிலிருந்து அந்த ஊருக்கு வந்து சேரும் வாத்தியார் சுந்தரம். இவர்கள் மூவரையும், குளத்தையும் காட்டையும் வைத்துக்கொண்டு பாலமனோகரன் எழுதியது ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான நம்பிக்கையைப் பற்றிய நாவல். செல் இல்லை, பங்கர் இல்லை. காடு வெட்டிக் கமம் செய்கிறவனின் கையும் முதுகும் இருக்கின்றன. வேட்டை இருக்கிறது. படித்த மனிதன் ஒருவன் படிக்காத இருவரின் வாழ்க்கைக்குள் காலடி வைக்கும்போது என்ன நடக்கும் என்ற கேள்வி இருக்கிறது. என்னைக் கேட்டால், ஈழத்தில் எழுதப்பட்ட காதல் நாவல்களில் இதற்கு மேலே வைக்க எனக்கு இன்னொன்று கிடைக்கவில்லை. ஐம்பது வருடங்களாகக் கையில் கிடைக்கக்கூடிய நூல் இது. அப்படி ஒன்று இல்லை என்கிறார் நண்பர்.

‘நிலக்கிளி’ அவருடைய இன்னொரு வாதத்தையும் உடைக்கிறது. சாட்சியம் வேறு, நாவல் வேறு என்று அவர் கோடு கீறுகிறார். பாலமனோகரன் சாட்சியம் சொல்ல உட்காரவில்லை. ஆனால் 1984 டிசம்பரில் தண்ணிமுறிப்பு, கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்ப் பக்கத்துத் தமிழ்ச் சனத்தை இராணுவம் ஊரைவிட்டு எழுப்பியது. ஒரு தலைமுறைக் காலம் அவர்களால் அங்கே திரும்பிக் குடியிருக்க முடியவில்லை. இன்று தண்ணிமுறிப்பின் பெயர் பத்திரிகையில் வந்தால் அது பெரும்பாலும் குருந்தூர்மலையில் கோயிலா விகாரையா என்ற பிரச்சினையோடுதான் வருகிறது. அந்தக் காட்டோரத்தில் எங்கே மண்வீடு இருந்தது, சனம் எந்த வழியால் குளத்துக்குப் போனது, மழைக்காலம் அங்கே எப்படி வந்தது என்று அறிய விரும்பும் இளம்பிள்ளை இன்று ‘நிலக்கிளி’யைத்தான் திறக்க வேண்டும். பதஞ்சலியை உயிரோடு நிறுத்தத் தெரிந்த கை என்பதால்தான் அவள் நடந்த மண்ணும் அந்தப் பக்கங்களில் அழியாமல் கிடக்கிறது. நாவலாகத் தேறியதால் அது சாட்சியமாகவும் நிற்கிறது. நண்பர் கீறிய கோட்டுக்கு எந்தப் பக்கத்தில் இதை வைப்பார்?

செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ம் 1970களில் வந்ததுதான். எழுதியவர் நிர்வாக சேவையில் இருந்த க. குணராசா, கச்சேரி மேசைக்கு மறுபக்கம் என்ன நடக்கிறது என்று அறிந்தவர். வன்னிக் கமக்காரனின் காணியும் விளைச்சலும் உத்தியோகத்தர், முதலாளி, ஊர்ப் பெரிய மனிதர் என்று கைமாறிக் கைமாறிப் போவதை அவர் கோபத்தோடு எழுதினார். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. கெட்டவர்கள் மிகவும் கெட்டவர்களாகவே வந்து போகிறார்கள். ஆனால் அது போர் நாவல் இல்லை. போருக்கு முன்னரே வன்னியில் என்ன நெருப்பு மூண்டுகொண்டிருந்தது என்று காட்டுகிற நாவல்.

இனி அந்தப் பங்கருக்கு வருவோம். எல்லா நாவலிலும் அதே பங்கர் என்று எழுதியவர் ஒரு பங்கரையும் கவனித்து வாசிக்கவில்லை. 2008இல் கிளிநொச்சிப் பக்கத்து வளவுகளில் சனம் வெட்டிய பங்கருக்கு மேலே தென்னங்குற்றியும் பனங்குற்றியும் அடுக்கினார்கள். பங்கருக்கு மரம் வேண்டும். மரத்துக்கு, காய்த்துக்கொண்டிருக்கும் தென்னையைத் தறிக்க வேண்டும். தறிப்பதா விடுவதா என்று புருஷனும் பெண்சாதியும் ஒரு பின்னேரம் முழுக்கக் கதைப்பார்கள். இன்னும் இருந்துவிடலாம் என்ற நம்பிக்கை அந்தக் கதையில் இருக்கும். 2009 ஜனவரி தொடக்கத்தில் கிளிநொச்சி விழுந்த பிறகு, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம் என்று சனம் ஒதுங்கி ஒதுங்கி மாத்தளன், பொக்கணை, வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்ற கடற்கரைத் துண்டுக்குள் வந்து சேர்ந்தபோது தறிக்க மரம் இல்லை. மணல் வெட்ட வெட்டச் சரிந்தது. சற்று ஆழம் போனால் நீர் ஊறியது. சரிகிற மணலைத் தடுக்கச் சேலைகளைக் கிழித்துப் பையாகத் தைத்து மண் நிரப்பினார்கள். கலியாணத்துக்கு உடுத்த கூறைச்சேலையும் அதில் போனது. குற்றி போட்ட பங்கரில் இருப்பவளுக்கு வீடு இன்னும் பத்தடி தூரத்தில் இருக்கிறது. சேலைப் பங்கரில் இருப்பவளுக்கு எதுவும் மிச்சமில்லை. இந்த வேறுபாட்டை அறிந்து எழுதும் நாவலாசிரியருக்குத் திகதியும் இடமும் குறிக்கத் தேவையில்லை. கூரையைச் சொன்னால் வன்னிக்காரருக்கு மாதமே தெரியும். நண்பருக்குத் தெரியாமல் போனதில் குற்றமில்லை. தன் அறியாமையை எழுத்தாளர்களின் வறுமை என்று தீர்ப்பெழுதியதுதான் குற்றம்.

அவர் பாராட்டிய சரித்திர நாவலிலும் குதிரை ஓடுகிறது, முத்திரை மோதிரம் கைமாறுகிறது, சுரங்கப்பாதை திறக்கிறது. துப்பறியும் நாவலில் ஒரு பிணம், சிலபேரின் பொய், கடைசியில் ஒரு விளக்கம். அங்கே திரும்பத் திரும்ப வருவதை மரபு என்கிறார். இங்கே சலிப்பு என்கிறார். அந்த வகை நாவல்களை நாங்கள் ஒதுக்கியவர்கள் அல்லர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்குள், மண்ணெண்ணெயை அளந்து ஊற்றிய ஜாம்போத்தல் விளக்கில், அட்டை போன ராஜேஷ்குமாரையும் பொன்னியின் செல்வனின் தனித்தனிப் பாகங்களையும் கைமாற்றி வாசித்த ஊர் இது. கல்கி அருள்மொழிவர்மனை யானை இறவுத் துறைக்குக் கொண்டுவந்த இடத்தை, ஆனையிறவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு வாசித்த பிள்ளைகளுக்கு வகை நாவலின் சுவையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷெஹான் கருணாதிலகவின் 2022ஆம் ஆண்டு புக்கர் பரிசு நாவலில் செத்தவனே தன் கொலையைத் துப்புத் துலக்குகிறான். ஆவிக் கதையும் துப்பறியும் கதையும் அரசியலும் ஒன்றாக ஓடுகின்றன. அதில் வருவதும் இந்த நாட்டுப் படுகொலைக் காலம்தான். அதை யாரும் சாட்சியம் என்று ஓரங்கட்டவில்லை, ஓரங்கட்டவும் கூடாது.

அப்படியென்றால் வன்னியை எழுதியவர்கள் என்ன எழுதினார்கள்? குணா கவியழகனின் ‘நஞ்சுண்டகாடு’ 2014இல் வந்தது. பயிற்சி முகாமுக்குள் நடக்கும் கதை. சண்டை அதன் மையத்தில் இல்லை. இளம் உடல்களின் பசி, நோவு, அதிகாரத்துக்கு முன் கூனுவதும் கூனாமல் இருப்பதும், முகாமுக்கு வெளியே ஒருவனின் குடும்பத்தை அரிக்கும் வறுமை. சயந்தனின் ‘ஆதிரை’ 2015இல் வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு வன்னிக் காட்டோரங்களில் குடியேறிய சனத்தையும், அவர்களை இந்த மண் எப்படி ஏற்றது, எப்படி ஏற்கவில்லை என்பதையும் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் குடும்பக் காவியம் அது. அதற்குள் வரும் சாதியை, வன்னிக்குள்ளேயே நாங்கள் ‘தோட்டக்காட்டார்’ என்று சொல்லி ஒதுக்கிய சனத்தின் கோபத்தை, நண்பர் எந்த நாவலில் இரண்டாம் தடவை வாசித்தார்? ஷோபாசக்தியின் ‘பொக்ஸ் கதைப்புத்தகம்’ பெரிய பள்ளன் குளம் என்ற வன்னிக் கிராமத்தைக் கேட்ட கதையும் சொன்ன கதையுமாக அடுக்கிக்கொண்டு போகிறது. தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ ஒரு வயதான பெண்ணின் கண்ணால், பேரப்பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவளின் கண்ணால், இறுதிக் காலத்தைப் பார்க்கிறது. அரிசி என்ன விலை, விறகு எங்கே, தண்ணீருக்கு யார் போவது, தறப்பாளை எந்தப் பக்கம் இழுத்துக் கட்டுவது. இவற்றை ‘அதே ஓட்டம்’ என்று சுருக்குகிறவர் நாவலின் பொருள் எது என்று அறியாமலே வகைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அவர் புகழ்ந்த விதிவிலக்கு, அனுக் அருட்பிரகாசம் 2016இல் எழுதிய ஆங்கில நாவல். நானும் அதை மதிக்கிறேன். இறுதிப் போரின் முகாமொன்றில் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் நடந்து முடியும் கதை. திடீரென்று கலியாணம் முடித்த ஓர் இளைஞன் கிணற்றடியில் குளிப்பதை அவர் அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அக்கறையோடு எழுதுகிறார். அந்தப் பக்கங்களை நண்பர் தியானம் என்கிறார். தமிழ்க்கவியின் மூதாட்டி உலை வைப்பதை விவரம் என்கிறார். கொழும்பில் வளர்ந்த ஒருவர் கற்பனையால் அந்த முகாமுக்குள் புகுந்தது பெரிய காரியம். அதே முகாமுக்குள் அடுப்பு மூட்டியவர் எழுதும்போது கற்பனைக்கு வேலையில்லை, நினைவிலிருந்து பார்த்து எழுதிவிட்டார் என்று முடிவு கட்டுவது எந்த நியாயம்? நடந்ததிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது, எங்கே நிறுத்துவது என்ற வேலை அவருக்கும் இருந்தது. ஆங்கிலத்துக்கும் பரிசுக்கும் கொடுத்த பொறுமையில் பாதியைக்கூட நண்பர் தமிழுக்குக் கொடுக்கவில்லை.

எனக்கு மிகவும் கோபம் வந்தது அவருடைய தாக்குதலில் அல்ல, அவர் காட்டிய மரியாதையில். ‘சாட்சியங்கள், ஆகவே விமர்சிக்கத் தயங்குகிறேன்’ என்கிறார். எங்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டாம். வாசித்துவிட்டுக் குறை சொல்லுங்கள். ‘ஊழிக்கால’த்தில் மனிதர்கள் வரிசையாக வந்து, முகம் பதியுமுன்னே போய்விடுகிறார்கள். ‘ஆதிரை’யில் சில இடங்களில் பாத்திரங்கள் தங்கள் வாயால் கதைக்காமல் ஆசிரியரின் அரசியல் வாதத்தைக் கதைக்கிறார்கள். ‘நஞ்சுண்டகாடு’ அடிக்கொரு தரம் பொன்மொழி சொல்லி, அழகாக வந்த காட்சியை இடைமறிக்கிறது. இவற்றுக்குப் பின்னால் அச்சான நூல்களில், இறந்தவர்களின் பெயர்களை அடுக்கினாலே நாவல் ஆகிவிடும் என்று நம்பிய மோசமானவையும் இருக்கின்றன. இவற்றை நாங்கள் இங்கே வாசகர் கூட்டங்களில் முகத்துக்கு நேரே சொல்கிறோம். எழுதியவர்கள் சண்டை பிடிக்கிறார்கள், பிறகு திருத்தி எழுதுகிறார்கள். குறை சொல்லப்படும் தகுதிகூட இல்லை என்று ஒரு நூலைக் கும்பிட்டு மூலையில் வைப்பது, அதை வாசிக்காமல் விடுவதற்கு எடுத்த அனுமதி.

வேறு எதையாவது எழுதட்டும் என்ற கடைசி வசனம். எதை? கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட உட்கார்ந்தார்கள். பிள்ளையைக் கடைசியாக எந்த இடத்தில், யார் கையில் விட்டோம் என்று சொல்லத் தெரிந்த தாய்மார் அவர்கள். பலர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள். நண்பர் விரும்பும் துப்பறியும் நாவலை வன்னியில் எழுத உட்காருகிறவர் இந்தத் தாய்மாரைத் தாண்டி எந்த மர்மத்தைத் தேடிப் போவார்? நுண்கடன்காரன் கிழமைக்கிழமை படலைக்கு வருவதை எழுதினால், அந்த வீட்டில் உழைக்க ஆண் ஏன் இல்லை என்று எழுத வேண்டிவரும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுப்பதா என்ற சண்டையை எழுதினால், இடம்பெயர்ந்து திரும்பி வந்து வயலைத் துப்புரவாக்கியவனின் பயத்தை எழுத வேண்டிவரும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போகிற பெண்கள் இருக்கிறார்கள். வெயிலில் முழங்காலில் இருந்து, தலைக்கவசத்தின் முகமறைப்புக்குள் வியர்த்துக்கொண்டு, ஒரு சாண் நிலத்தைச் சுரண்டிப் பார்க்கிற அந்த வேலையை யாராவது நாவலாக எழுதத்தான் போகிறார்கள். அந்த வெடியை எந்த ஆண்டு யார் புதைத்தார்கள் என்பதும் அதில் வரும். அந்த நாவல் அவர் கைக்குக் கிடைக்கும்போது, துப்பறியும் நாவலுக்கு ஒதுக்கிய அளவு இடத்தை அதற்கும் ஒதுக்கி, அந்தப் பெண் நிலத்தைச் சுரண்டுகிற விதத்தை ஆசிரியர் சரியாக எழுதியிருக்கிறாரா என்று அவர் எழுத வேண்டும்.