குடவோலையும் வாக்கு இயந்திரமும்

சங்கத்தில் நூல் பெறும் நெசவாளர், நூலைத் தராசில் வைக்குமுன் அது பூஜ்யத்தில் நிற்கின்றதா என்று நோக்குகிறார். மணிலாக் கொட்டை மூட்டையைக் கொணரும் விவசாயியும் அவ்வாறே செய்கிறார். நிறுப்பவரை அவர்கள் நம்பவில்லை என்று யாரும் வருந்துவதில்லை. வெறுந்தராசைக் கண்ணால் காண்பது கொடுப்போர், கொள்வோர் இருவர்க்கும் நலமன்றோ? மின்னணு வாக்கு இயந்திரத்தைப் பற்றிய ஐயங்களையும் இம்மனப்பான்மையுடனேயே நாம் ஆராய்தல் வேண்டும்.

முன்னர்ச் செங்கற்பட்டு ஜில்லாவிலும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலும் அடங்கிய உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இவை குடவோலை முறையைக் கூறுகின்றன. ஊரின் 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டனர். அக்குடத்தை எல்லோரும் காண உயர்த்திப் பிடித்தனர். உள்ளிருப்பதை அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்தான். அதைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவன் வாசித்த பின் அங்குள்ள நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும்.

அது நிலமுடைய அந்தணர்களின் சபை. உழுவார்க்கும் நெய்வார்க்கும் அதில் இடமிருக்கவில்லை. அது சீட்டெடுப்பேயன்றி வாக்கெடுப்புமன்று. எனினும் விரல்களை விரிக்கச் சொன்ன விதி போற்றத்தக்கது. மத்தியஸ்தன் யோக்கியனாயினும், அவன் கையில் வேறு ஓலை இல்லை என்பதை ஊரார் நேரில் கண்டனர்.

நம் நாட்டில் வாக்கு இயந்திரம் 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக வைக்கப்பட்டது. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, பின்னர்ச் சட்டம் திருத்தப்பட்டது. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இதனை உருவாக்கியதில் எழுத்தாளர் சுஜாதாவுக்கு முக்கியப் பங்குண்டு. தமிழகச் சட்டமன்றத் தேர்தல் 2001இல் முழுவதும் இயந்திரத்தால் நடைபெற்றது. செல்லாத வாக்குகள் ஏறக்குறைய ஒழிந்தன, எண்ணிக்கையும் விரைந்தது. வெளித் தொடர்பின்றித் தனித்தியங்குமாறு இது அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே பழைய வாக்குச்சீட்டுக்கே திரும்புவோம் என்னும் வாதம் எமக்கு உடன்பாடன்று.

ஆயினும், இயந்திரத்தின் உள்ளே நடப்பதைக் கண் காணாது. தேர்தலின் முக்கியப் படிகளைத் தனிப்பட்ட தொழிலறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க இயல வேண்டும் என்று ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009இல் கூறிற்று. இங்கும் இக்குறையை நீக்கவே, 2013 முதல் சீட்டு அச்சிடும் கருவி சேர்க்கப்பட்டது. தாம் வாக்களித்த சின்னத்தை வாக்காளர் ஏழு விநாடி காண்கிறார். சீட்டு பெட்டியில் விழுகிறது.

அச்சீட்டுக்களை எண்ணினாலன்றோ முழுப்பயன்? 2019இல் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுக்களே எண்ணப்படுகின்றன. எல்லாச் சீட்டுக்களையும் எண்ண வேண்டும் என்னும் கோரிக்கையை அந்நீதிமன்றம் 2024இல் ஏற்கவில்லை. எல்லாவற்றையும் எண்ணுதல் அவசியமன்று என்பதே எமது கருத்தும். ஆனால் நூற்றுக்கணக்கான சாவடிகளுள்ள தொகுதிக்கு ஐந்து போதுமா? பல்லாயிரம் வாக்கு வித்தியாசத்தில் முடிவு அமைந்தால் அது போதலாம். சில நூறு வாக்குகளே வித்தியாசமெனில், ஒரு சிறு பிழையும் முடிவை மாற்றிவிடும். அங்கே மிகுதியான சாவடிகளைக் குலுக்கலில் தேர்ந்து எண்ணுதல் வேண்டும். அதனால் சில மணி நேரம் தாமதிப்பது பெருநஷ்டமன்று. தோற்றவரும் ஏற்கும் முடிவு கிட்டும்.

நமக்குள்ள கடமையும் சிறிதன்று. வாக்குப்பதிவு தொடங்குமுன் முகவர்கள் முன்னிலையில் குறைந்தது 50 மாதிரி வாக்குகள் பதிந்து, எண்ணிக் காட்டி, அழிக்கப்படுகின்றன. முகவராகும் அங்கத்தினர்கள் தூக்கத்தைப் பாராது அப்பொழுதே செல்ல வேண்டும். மாலையில் பதிவான வாக்குகளின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தைக் கேட்டுப் பெற்று, எண்ணும் நாளில் ஒப்பிட வேண்டும். நமது சங்கத் தேர்தலிலும் வெறும் பெட்டியைத் திறந்து காட்டிய பின்னரே பூட்ட வேண்டும். பார்க்கும் உரிமை இருந்தும் பாராதிருந்துவிட்டுப் பின்னர் இயந்திரத்தைக் குறை கூறுவது முறையாகாது.