பேண்ட்ஸா பிளேடு: பிராண்டுக்கு முன்னாடி பல்லை எண்ணுங்க

மெல்பர்ன்ல கராஜ்ல சின்னதா இரும்பு வேலை பார்க்கிற நம்மாளுங்க பேண்ட்ஸா வாங்கினதும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பிராண்டு பிளேடு நல்லது?" ரெண்டாவது, "எங்க சல்லிசா கிடைக்கும்?" என்னைக் கேட்டா ரெண்டுமே அப்புறம். வெட்டப்போற இரும்பு எத்தனை மில்லிமீட்டர் தடிமன்? அதான் முதல் கேள்வி.

கணக்கு ரொம்ப சிம்பிள். எந்த நேரமும் குறைஞ்சது 3 பல்லாவது இரும்புக்குள்ள இருக்கணும். இல்லேன்னா மெல்லிசான விளிம்பு ரெண்டு பல்லுக்கு நடுவுல மாட்டி, பல் உடையும். ஒண்ணு போனா அடுத்த பல்லுக்கு ரெட்டைச் சுமை, வரிசையா உதிரும். இஞ்சுக்கு 14 பல் உள்ள பிளேடுல இடைவெளி 1.8 மி.மீ. அதாவது ஐந்தரை மி.மீ.க்கு மேல்தான் அது நிம்மதியா வெட்டும். 3 மி.மீ. சதுரக் குழாய்க்கு 24 பல் வேணும். எல் ஆங்கிளைக் கூரை மாதிரி கவிழ்த்து வெச்சு வெட்டினா இன்னும் நல்லது.

"அப்போ எல்லாத்துக்கும் 24 பல்லே போட்டுட்டா?" அங்கதான் வில்லங்கம். 50 மி.மீ. கட்டிக் கம்பியில ஒரே சமயம் 47 பல் உள்ளே இருக்கும். இரும்புத்தூள் ஒதுங்க இடமில்லாம பல்லிடுக்கு அடைச்சுக்கும். பிளேடு வெட்டாது, தேய்க்கும். அதுக்கு 6 பல் தாராளம்.

அடுத்தது உலோகம். ஸ்டூடண்டுக்கு மலிவான கார்பன் பிளேடுதான் கட்டுப்படியாகும்னு சொல்றாங்க. மாசம் ரெண்டு வெட்டு, அதுவும் வெறும் மைல்டு ஸ்டீல்னா சரி. மத்தபடி நான் ஒத்துக்க மாட்டேன். 2023 ஜூலையில இருந்து படிப்பு நடக்கிறப்ப ரெண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்தான் நமக்கு வேலை. அந்தக் காசை அடிக்கடி மழுங்குற பிளேடுல ஏன் கரைக்கணும்? பை-மெட்டல் பிளேடுல முதுகு வளையுற ஸ்பிரிங் ஸ்டீல், பல் நுனி மட்டும் ஹை ஸ்பீட் ஸ்டீல். எம்42 ரகத்துல சுமார் 8 சதவீதம் கோபால்ட் இருக்கு, சூட்டுல சீக்கிரம் இளகாது. ஸ்டெயின்லெஸ் வெட்டுறப்போ வித்தியாசம் தெரியும். ஒரு டஜன் கார்பனுக்குப் பதிலா, நீங்க அதிகம் வெட்டுற தடிமனுக்கு ஏத்த ரெண்டு பை-மெட்டல் போதும்ங்கிறது என் கட்சி.

நல்ல பிளேடையும் முதல் நாளே கொல்லலாம். புதுசுல முதல் சில வெட்டுக்கு அழுத்தத்தைப் பாதியாக்குங்க. பழைய பிளேடு பாதியில விட்ட வெட்டுக்குள்ள புதுசை இறக்காதீங்க, வேற பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு வேகத்தைக் குறைச்சு, அழுத்தத்தை விடாம குடுங்க. சும்மா உரசினா அது இன்னும் கெட்டியாகும்.

கடைக்குப் போறப்போ பர்ஸோட ஒரு வெர்னியர் காலிபரும் இருக்கட்டும் மக்கா. :-)