தண்ணியில் ஓடிய ஆலையும் நம்ம வெட்டிப் பெருமையும்

"கல்லில் அரைத்த மாவு" என்று பையில் எழுதியிருந்தால் போதும், நம்ம ஆட்கள் விலையைப் பார்க்காமல் வண்டியில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். வாங்கட்டும், அவரவர் காசு. வாங்கிவிட்டுச் சும்மா இருக்கிறார்களா? "அந்தக் காலத்துல எல்லாம்..." என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கரண்ட் இல்லை, புகை இல்லை, ஆற்றோரம் ஆலை, தண்ணியே சக்கரத்தைச் சுற்றியது, மிக்ஸியும் கிரைண்டரும் வந்துதான் எல்லாம் நாசமாகப் போச்சாம். முன்பு ஃபார்வர்டு மெயிலில் வந்தது, இப்போது வாட்ஸப்பில் தினமும் வருகிறது.

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இங்கேதான்.

தண்ணீர் ஆலை அருமையான விஷயம், அதில் சந்தேகமே இல்லை. இங்கே டொரண்டோவில் பிளாக் க்ரீக்கில் ராப்ளின் மில் என்று ஒன்று இருக்கிறது. 1842-ல் வேறு ஊரில் கட்டியதை 1960-களில் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டிலும் உண்டு. ஔரங்காபாத்தில் (2023-லிருந்து சத்ரபதி சம்பாஜிநகர்) பன்சக்கி இருக்கிறது, சுமார் முந்நூறு வருஷப் பழசு. மலையிலிருந்து குழாய் வழியாகத் தண்ணியைக் கொண்டுவந்து, தர்காவுக்கு வருகிறவர்களுக்கு மாவு அரைத்திருக்கிறார்கள்.

உத்தராகண்ட் மலைக் கிராமங்களில் இதற்குப் பேர் கராட். ஓடையிலிருந்து சின்ன வாய்க்கால் வெட்டி, மரத்தொட்டி வழியாகச் சரிவில் விடுவார்கள். கீழே படுக்கை வாட்டத்தில் இருக்கும் சக்கரத்தின் இறக்கைகளில் தண்ணி அடிக்கும். சக்கரத்தின் அச்சு மேல்கல்லைச் சுற்றும், அடிக்கல் அசையாது. அரைப்புக் கூலி பெரும்பாலும் மாவில் ஒரு பங்கு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். ஊத்துக்கோட்டை, சுருட்டப்பள்ளி தாண்டினால் எங்கள் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாயார் பேரில் வைத்த ஊர், வேதநாராயணர் கோயில் இருக்கிற ஊர். பக்கத்தில் ஆரணியாறும் இருக்கிறது. ஆனால் தண்ணீர் ஆலைக்கு வருஷம் பூராவும் ஓடுகிற தண்ணியும் நல்ல சரிவும் வேண்டும். மழை முடிந்தால் ஆரணியாறு மணல்தான். ஏரித் தண்ணியோ மதகு வழியாக வயலுக்குப் போகிறது. அதை மறித்து மாவு அரைக்கிறேன் என்றால் எந்த விவசாயி விடுவான்?

அப்புறம் எங்கள் பக்கம் கல்லைச் சுற்றியது யார்? உங்கள் பாட்டி. என் பாட்டி. ஏந்திரத்தின் முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் களிக்குக் கேழ்வரகு அரைத்த கைகள். நெல்லுக்கு உலக்கை, இட்லிக்கு ஆட்டுக்கல், மசாலாவுக்கு அம்மி. அந்த வீட்டில் ஓடிய ஒரே சக்கரம் அவள் தோள்பட்டை.

நான் பி.காம் படித்தவன், பேங்கில் வேலை பார்க்கிறவன். ஒரு செலவைப் பேரேட்டில் எழுதாமல் விட்டுவிட்டு லாபம் காட்டினால் அதற்கு எங்கள் தொழிலில் என்ன பேர் என்று உங்களுக்கே தெரியும். "அந்தக் காலத்துச் சாப்பாடு" என்கிற பெருமைக் கணக்கு அப்படிப்பட்டதுதான். ருசியை வரவில் எழுதுகிறோம், ஆரோக்கியத்தை வரவில் எழுதுகிறோம். தினமும் கல்லுக்கு முன்னால் போன பெண்களின் மணிக்கணக்கு எந்தப் பக்கத்திலும் இல்லை.

தண்ணீர் ஆலை வந்த காலத்து மனுஷனுக்கு இது புரிந்திருக்கிறது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் ஆன்டிபேட்டர் என்ற கிரேக்கக் கவிஞர் இந்த ஆலையைப் பற்றிப் பாடினார். அவர் ருசியைப் பாடவில்லை. மாவரைக்கும் பெண்களே, இனி விடிந்தும் தூங்கலாம், உங்கள் வேலையைத் தண்ணி செய்கிறது என்பதுதான் அதன் சாரம். ஆலையின் அர்த்தமே அதுதான் சாமி!

உடனே "அப்போ மெஷின் வந்தாலே விடுதலையா?" என்று கேட்பீர்கள். இல்லை. இங்கிலாந்தில் 1086-ல் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் சுமார் 6,000 ஆலைகள். பல இடங்களில் குடியானவன் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், பங்கு கொடுக்க வேண்டும். செயின்ட் ஆல்பன்ஸ் மடாதிபதி ஊர் ஜனங்களின் கைத்திருகைகளைப் பிடுங்கி, மடத்தில் தரைக்குப் பதித்துவிட்டார். 1381 கலகத்தில் ஜனங்கள் உள்ளே புகுந்து அந்தக் கல்லைப் பெயர்த்து எடுத்தார்கள். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு. சுற்றுவது யார்? பங்கு எடுப்பது யார்? கல்லா இரும்பா என்பதெல்லாம் அப்புறம்.

நம்ம பக்கம் பெண்களின் கையிலிருந்து கல்லை வாங்கியது ஆற்றுத் தண்ணி இல்லை, டீசல் இன்ஜின் மாவு மில். அப்புறம் கரண்ட். அப்புறம் கோயமுத்தூர்க் கிரைண்டர். இடுப்பில் கூடையோடு மில் வாசலில் வரிசையில் நின்றவர்களிடம் கேட்டுப் பாருங்கள், ஏந்திரத்துக்குத் திரும்பிப் போகிறாயா என்று. விரட்டுவார்கள் :-)

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது நம்மில் எத்தனை பேர் கிண்டலடித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். "ஜனங்களைச் சோம்பேறி ஆக்குறாங்க" என்றவர்கள் வீட்டில் அன்றைக்கே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. திட்டத்தில் அரசியல் இருந்தது, யார் இல்லை என்றார்கள்? ஆனால் வெள்ளைக்காரன் ஊர்த் தண்ணிச் சக்கரத்துக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, குடிசையில் இருக்கிற ஒருத்திக்குக் கிரைண்டர் கிடைத்தால் முகம் சுளிப்பது என்ன நியாயம்? ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கல்மாவு வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஊரிலிருந்து ஆட்டுக்கல்லை எடுத்துவந்து தோட்டத்தில் அழகுக்கு வைக்கிறீர்களா, வையுங்கள். ஆனால் பிள்ளைகள் "இது என்னப்பா?" என்று கேட்டால், பாரம்பரியம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். இதை யார் சுற்றினாள், எத்தனை வருஷம் சுற்றினாள், அவள் பேர் என்ன என்று சொல்லுங்கள். பேர் தெரியவில்லையென்றால் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். சொல்ல ஆள் இருக்கும்போதே கேளுங்கள்.

டிஸ்கி: மிக்ஸியில் அரைத்தால் சட்னி ருசி குறைகிறது என்று பின்னூட்டம் போட வருகிறவர்கள், முதலில் ஒரு மாசம் தானே அம்மியில் அரைத்துவிட்டு வரவும்.